காதலும் கொலையும்: சமீபத்துப் படங்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொமான்டிக் காமெடியையும் த்ரில்லரையும் ஏன் சேர்த்தே பேசுகிறீர்கள்? இரண்டும் எதிரெதிர் வகை ஆயிற்றே?

எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. இரண்டிலும் ஒருவருக்குத் தெரிந்த விஷயம் இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கிறது, அது எப்போது வெளியே வரும் என்ற எதிர்பார்ப்புதான் நம்மை எழுந்து போகவிடாமல் பிடித்து வைக்கிறது. அவன் அவளிடம் மறைப்பது காதலாக இருந்தால் சிரிக்கிறோம், குற்றமாக இருந்தால் பயப்படுகிறோம். அதனால் இரண்டு வகைப் படங்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: இந்த மறைப்பு அந்த மனிதர்களின் குணத்திலிருந்து வருகிறதா, இல்லை படத்தை இரண்டு மணி நேரம் இழுப்பதற்காக எழுதியவர் கொண்டுவந்து வைத்ததா? கீழே பேசியிருப்பது 2022 முதல் 2025 வரை வந்த படங்களைப் பற்றி. முடிவுகளை உடைக்கவில்லை. ஆனால் கதையின் தொடக்கத்தைச் சொல்லாமல் எதையும் பேச முடியாது, அதனால் அதைச் சொல்லியிருக்கிறேன்.

ரொமான்டிக் காமெடியில் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரியும். அப்புறம் எதற்குப் பார்க்க வேண்டும்?

எப்படிச் சேர்கிறார்கள் என்பதற்காக என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இத்தனை நேரம் ஏன் சேராமல் இருந்தார்கள் என்பதற்காகத்தான் நான் பார்க்கிறேன். அந்தத் தடை உண்மையாக இருந்தால் படம் தானாக நின்றுவிடும்.

2023-இல் வந்த 'குட் நைட்' இதற்கு நல்ல உதாரணம். விநாயக் சந்திரசேகரன் இயக்கம், மணிகண்டன், மீதா ரகுநாத். தடை என்னவென்றால் நாயகனின் குறட்டை, அவ்வளவுதான். அவன் கெட்டவன் இல்லை, அவள் கோபக்காரி இல்லை, இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர், ஆனால் ராத்திரி ஆனால் ஒருவர் தூக்கம் இன்னொருவர் தூக்கத்தைத் தின்றுவிடுகிறது. யார் மேலும் பழி போட முடியாத ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அது மெதுவாகக் குற்ற உணர்ச்சியாகவும் எரிச்சலாகவும் மாறுவதைக் காட்டுகிறார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எந்த இடத்தில் மனசு கனத்தது என்றே தெரியாது. அவன் அக்கா கணவராக வரும் ரமேஷ் திலக் இருக்கும் காட்சிகளை மட்டும் தனியாகவே பார்க்கலாம்.

அடுத்தது மலையாளத்தின் 'பிரேமலு', 2024, கிரீஷ் ஏ.டி. இயக்கியது. நஸ்லேனுக்கு மமிதா பைஜுவைப் பிடிக்கிறது, அவளுக்கு அவனை அந்த விதத்தில் பிடிக்கவில்லை. இதைவிட நேர்மையான தடை இருக்கிறதா? நம் படங்களில் இந்த இடத்தில்தான் பின்னாலேயே சுற்றுவது, மிரட்டுவது, 'இவள் மனசு கல்' என்று நண்பர்கள் சேர்ந்து பாட்டுப் பாடுவது எல்லாம் ஆரம்பிக்கும். இங்கே அவளுக்கென்று ஒரு வேலை, ஒரு திட்டம், யார் வேண்டும் என்பதில் ஒரு தெளிவு இருக்கிறது, படம் அதைக் கேலி செய்யவில்லை. இவனிடம் திட்டம் எதுவும் இல்லை, அதையும் மறைக்கவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, கதை என்று சொல்லப்போனால் ஒரு பத்தி கூடத் தேறாது, ஆனாலும் அலுக்கவில்லை என்றால் அந்த மனிதர்கள் அவ்வளவு உயிரோடு இருக்கிறார்கள். கடைசிப் பகுதியில் வரும் துரத்தலும் அடிதடியும் மட்டும் எனக்கு வேறு படத்திலிருந்து வந்தது போல இருந்தது.

'எனிவன் பட் யூ' உலகம் முழுக்க அவ்வளவு ஓடியதே, நல்ல படம்தானே?

ஓடியது உண்மை. 2023 டிசம்பரில் வந்தபோது முதல் வார இறுதியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 60 லட்சம் டாலர்தான் வசூல், தோல்வி என்றே பேசிவிட்டார்கள். அடுத்த வாரம் கூட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது, கடைசியில் சுமார் இரண்டரைக் கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலக அளவில் 20 கோடியைத் தாண்டியது. பார்த்தவர்கள் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போன படம் என்பது வசூல் போன விதத்திலேயே தெரிகிறது, அந்த வகையில் எனக்குச் சந்தோஷம்தான், ஏனென்றால் ரொமான்டிக் காமெடி என்றாலே இனி ஓடிடிக்குத்தான் என்று பெரிய ஸ்டுடியோக்கள் ஒதுக்கி வைத்திருந்த நேரம் அது.

படம்? பாதி பிடித்தது. சிட்னி ஸ்வீனியும் க்ளென் பவலும் சண்டை போடும்போது படம் பறக்கிறது, ஷேக்ஸ்பியரின் ஒரு நாடகத்தைத் தளர்வாகத் தழுவியிருப்பதால் அந்தச் சீண்டல் வசனங்களுக்கு ஒரு பழைய பலம் கிடைக்கிறது. ஆனால் இவர்கள் பிரிந்ததற்குக் காரணம், அவன் நண்பனிடம் வீம்புக்காகப் பேசியதை அவள் காதில் வாங்கிவிட்டாள் என்பது. இரண்டு நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும். தீர்ந்துவிடக்கூடிய ஒன்றைத் தீர்க்காமல் வைத்திருப்பதற்காகவே ஒரு கல்யாணம், இரண்டு பழைய காதலர்கள், ஒரு படகு எல்லாம் தேவைப்படுகின்றன.

'லவ் டுடே', 'டிராகன்' இரண்டில் எது?

எனக்கு 'டிராகன்'.

'லவ் டுடே'யின் கரு பிரமாதம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் இருவரும் கைபேசியை மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார் பெண்ணின் அப்பாவாக வரும் சத்யராஜ், அந்த ஒரு நிபந்தனையில் படம் முழுக்க அடங்கிவிடுகிறது. 2022-இல் வந்தபோது தியேட்டரில் எழுந்த சத்தம் அந்தப் பயம் எல்லோருக்கும் பொது என்பதால் வந்தது. முதல் பாதி சிரிப்புப் படமாகவும் த்ரில்லராகவும் ஒரே நேரத்தில் ஓடுகிறது என்றுகூடச் சொல்வேன், ஒவ்வொரு செய்தியும் திறக்கும்போது அப்படித்தான் இருக்கிறது. இரண்டாம் பாதியில்தான் எனக்கு மனத்தாங்கல். ஆண் செய்ததற்குப் படம் காட்டும் பொறுமை பெண் பக்கத்துக்குக் கிடைக்கவில்லை, அவள் அழுது அழுதுதான் அனுதாபத்தைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

'டிராகன்' 2025, அஷ்வத் மாரிமுத்து இயக்கியது, 'லவ் டுடே' போலவே இதிலும் நாயகன் பிரதீப் ரங்கநாதன்தான். 48 அரியரோடு கல்லூரியை விட்டு வந்தவன் போலிச் சான்றிதழ் காட்டி வேலைக்குப் போய் நன்றாகச் சம்பாதிக்கிறான், பிறகு ஒரு நாள் அந்த 48 தாளையும் எழுதியே தீர வேண்டும் என்று கல்லூரி முதல்வராக வரும் மிஷ்கினிடம் மாட்டிக்கொள்கிறான். காதல் இதில் இரண்டாவதுதான். ஆனால் அவனை விட்டுப் போன முன்னாள் காதலியாக வரும் அனுபமா பரமேஸ்வரனை வில்லி ஆக்காமல், அவள் எடுத்த முடிவில் நியாயம் இருக்கிறது என்று படமே ஒப்புக்கொள்கிற அந்த இடத்துக்காக இயக்குநரைக் கட்டிப்பிடிக்கலாம்.

'மெட்டீரியலிஸ்ட்ஸ்' ரொமான்டிக் காமெடி என்று நம்பிப் போகலாமா?

வேண்டாம். அப்படிப் போனவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள். செலின் சாங் 2025-இல் எடுத்த படம், டகோட்டா ஜான்சன் நியூயார்க்கில் பெரிய இடத்துக்காரர்களுக்கு வரன் பார்த்துத் தரும் வேலையில் இருக்கிறார், ஒரு பக்கம் பெரும் பணக்காரரான பெட்ரோ பாஸ்கல், இன்னொரு பக்கம் கையில் காசில்லாத நாடக நடிகரான பழைய காதலன் கிறிஸ் எவன்ஸ். விளம்பரம் முழுக்க ஜிகுஜிகு. உள்ளே போனால் உயரம், சம்பளம், வயது என்று மனிதர்களைக் கணக்குப் போட்டு விற்பதைப் பற்றிய ஒரு சோகப் படம். அந்த வேலையை இயக்குநரே கொஞ்ச காலம் பார்த்தவர் என்பதால் வாடிக்கையாளர்கள் வந்து தங்கள் பட்டியலை ஒப்பிக்கும் காட்சிகள் கத்தி மாதிரி இருக்கின்றன, ஜாதகக் கட்டும் சம்பளப் பட்டியலும் பார்த்துப் பழகிய நமக்கு அவை இன்னும் ஆழமாக இறங்கும்.

குறை என்னவென்றால், பணம் முக்கியம் என்று ஒரு மணி நேரம் அவ்வளவு உறுதியாக வாதாடிவிட்டு, முடிவுக்கு வரும்போது அந்த வாதத்துக்குப் பதிலே சொல்லாமல் படம் தாண்டிப்போய்விடுகிறது. நடுவில் ஒரு வாடிக்கையாளருக்கு நேரும் கொடுமையும் நாயகியின் மனமாற்றத்துக்கு ஒரு படிக்கட்டாக மட்டும் பயன்படுகிறது, அது எனக்கு உறுத்தியது. இருந்தாலும் பார்க்க வேண்டிய படம்தான், அமைதியான ஒரு ராத்திரியில்.

நல்ல ட்விஸ்ட் என்று எதைச் சொல்வீர்கள்?

தெரிந்த பிறகு முதல் காட்சியிலிருந்து மறுபடி பார்க்கத் தோன்ற வேண்டும், பார்த்தால் அந்த மனிதர் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும். ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வு மட்டும் மிஞ்சினால் அது வித்தை.

'கிஷ்கிந்தா காண்டம்' போல இதைச் செய்த படம் சமீபத்தில் இல்லை என்பேன். 2024 மலையாளப் படம், தின்ஜித் அய்யத்தான் இயக்கம், கதை எழுதியவரும் ஒளிப்பதிவு செய்தவரும் ஒருவரே, பாஹுல் ரமேஷ். தேர்தல் வருகிறது, உரிமம் உள்ள துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள், ஓய்வுபெற்ற ராணுவக்காரரான அப்பாவின் துப்பாக்கியைக் காணவில்லை. அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருக்கிறது, அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளாத வீம்பும் இருக்கிறது. புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த மருமகள் ஒவ்வொன்றாகக் கவனிக்க ஆரம்பிக்கிறாள். விஜயராகவன் அந்த அப்பாவாக நடித்திருப்பதை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். எல்லாம் தெரிய வரும்போது 'அட' என்று வாய் பிளக்கவில்லை, தொண்டை அடைத்தது. துப்பறியும் கதையாகத் தொடங்கி, ஒரு குடும்பம் எதைத் தாங்கிக்கொண்டு இருந்தது என்பதில் போய் முடிகிற அந்தப் பாதை முழுவதும், மறைப்பவர்களுக்கு மறைக்க நியாயமான காரணம் இருக்கிறது. இதைத்தான் நான் முதல் பதிலில் சொன்னேன்.

'மகாராஜா' பிடிக்கவில்லையா?

பிடித்தது, ஒரு தயக்கத்தோடு. நித்திலன் சாமிநாதன் இயக்கத்தில் 2024-இல் வந்த விஜய் சேதுபதியின் 50-வது படம். ஒரு முடிதிருத்துபவர் காவல் நிலையத்துக்கு வந்து, தன் வீட்டிலிருந்த 'லட்சுமி' திருடு போய்விட்டது என்கிறார், லட்சுமி என்பது ஒரு குப்பைத்தொட்டி. அந்தக் காவல் நிலையக் காட்சிகள் எழுதப்பட்ட விதம் அபாரம், முதலில் சிரிக்க வைத்து, அதே சிரிப்பை நம்மிடம் கணக்குக் கேட்கிறது. விஜய் சேதுபதி அடி வாங்கிக்கொண்டு அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது உடம்பே பேசுகிறது.

தயக்கம் எதில் என்றால், காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டிருப்பது. அதில் பாதி கதைக்குத் தேவை, மீதிப் பாதி கடைசி அதிர்ச்சியைக் கூட்டுவதற்காக. அப்புறம், ஒரு பெண்ணுக்கு நடக்கும் கொடுமையை ஆண்களின் பழிவாங்கலுக்கான எரிபொருளாக மட்டும் வைப்பது நம் த்ரில்லர்களில் ரொம்ப நாளாக இருக்கும் பழக்கம். இந்தப் படம் கடைசியில் மகளை எழுந்து நடக்க வைத்து ஒரு வார்த்தை பேச வைக்கிறது, அது எனக்குப் பிடித்தது, ஆனாலும் அவள் இன்னும் கொஞ்சம் முன்னாடியே பேசியிருக்கலாம்.

ட்விஸ்டே இல்லாத த்ரில்லர் சாத்தியமா?

'ஜூரர் நம்பர் 2' பாருங்கள். 2024, கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி, அவருக்கு 94 வயதானபோது வெளிவந்த படம். ஒரு கொலை வழக்கில் நடுவர் குழுவில் உட்காரும் நிக்கோலஸ் ஹோல்ட்டுக்கு, செத்துப்போன அந்தப் பெண்ணின் சாவுக்குத் தானே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையின் தொடக்கத்திலேயே உறைக்கிறது. நமக்கும் அப்போதே தெரிந்துவிடுகிறது. இனி மறைக்க எதுவும் இல்லை, ஆனால் நகம் கடிக்காமல் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் அவன் நல்லவன், மனைவி நிறைமாதம், உண்மையைச் சொன்னால் அந்த வீடே போய்விடும், சொல்லாவிட்டால் செய்யாத குற்றத்துக்கு இன்னொருவன் ஆயுளுக்கும் சிறையில். இப்படி ஒரு படத்தை அமெரிக்காவில் ஐம்பது தியேட்டர்கூட இல்லாமல் வெளியிட்டார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

தமிழில் தொடர் கொலை த்ரில்லர் இன்னும் அலுக்கவில்லையா?

பெரும்பாலும் அலுத்துவிட்டது. 'போர் தொழில்' மட்டும் விதிவிலக்கு. 2023-இல் விக்னேஷ் ராஜா எடுத்தது, சரத்குமார் சிடுசிடுக்கும் மேலதிகாரி, அசோக் செல்வன் புத்தகம் படித்துவிட்டு வந்த பயந்த பயிற்சி அதிகாரி. கொலைகாரன் யார் என்பதைவிட இந்த இருவருக்கும் நடுவில் மரியாதை எப்படி முளைக்கிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். பயப்படுகிற ஒரு போலீஸ்காரரை நாயகனாக வைத்து, அந்தப் பயத்தைக் கேலிப் பொருளாக்காமல் கடைசி வரை கூட்டிக்கொண்டு போனது பெரிய விஷயம். காதலுக்காகப் படத்தை நிறுத்தி வைக்கவில்லை, டூயட் கிடையாது, அதற்கே ஒரு நன்றி.

ட்ரெய்லர் பார்த்துவிட்டுப் போகலாமா?

த்ரில்லருக்கு வேண்டாம். 2025-இல் 'கம்பேனியன்' வந்தபோது முதல் டீசர் எதையும் சொல்லாமல் ஆர்வத்தைக் கிளப்பியது, பிறகு வந்த ட்ரெய்லர் படத்தின் முதல் பெரிய ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டது. காதலனோடு நண்பர்கள் வீட்டுக்கு வார இறுதிக்குப் போகும் ஒரு பெண் என்பதற்கு மேல் எதுவும் தெரியாமல் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். அதற்குப் பிறகும் படத்தில் சரக்கு இருக்கிறது, காதல் என்ற பெயரில் ஒருவரை ஆட்டிவைப்பதைப் பற்றி அது பேசுவது கூர்மையாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த முதல் அதிர்ச்சியைத் தியேட்டரில் வாங்கும் உரிமை பார்வையாளருக்கு இருந்தது.

ரொமான்டிக் காமெடிக்குத் தாராளமாகப் பாருங்கள். அந்த இருவரும் ஒரே சட்டகத்தில் நிற்கும்போது ஏதாவது நடக்கிறதா என்று ஒன்றரை நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

லாஜிக் இடித்தால் படத்தை மன்னிப்பீர்களா?

மனிதர்கள் இடிக்காத வரை மன்னிப்பேன். 'டிராப்' என்று ஒரு படம், 2025, கிறிஸ்டஃபர் லாண்டன் இயக்கியது. கணவனை இழந்த ஒரு தாய் பல வருடங்களுக்குப் பிறகு முதன்முதலாக ஒருவரோடு உயரமான கட்டடத்தில் இருக்கும் உணவகத்துக்கு வருகிறாள், அவள் கைபேசிக்கு யாரோ செய்தி அனுப்புகிறார்கள்: எதிரில் இருப்பவனைக் கொல், இல்லையென்றால் வீட்டில் உன் மகன் சாவான். நிதானமாக யோசித்தால் இந்தத் திட்டத்தில் ஆயிரம் ஓட்டை. ஆனால் மேகன் ஃபேஹி முகத்தில் ஒரே நேரத்தில் 'இவரை எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதும் 'இவரை நான் கொல்ல வேண்டும்' என்பதும் ஓடுகிறது, அதற்காக ஓட்டைகளை விட்டுவிடலாம். முதல் சந்திப்பில் எல்லோருக்கும் இருக்கும் பதற்றத்தை எடுத்து இழுத்திருக்கிறார்கள். கடைசி இருபது நிமிடம் சாதாரண அடிதடிப் படம் ஆகிவிட்டது, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

காதலும் த்ரில்லும் உண்மையிலேயே ஒன்றாகக் கலந்த படம் எது?

இதற்குத்தான் காத்திருந்தேன். 'ஹிட் மேன்'.

ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இயக்கியது, 2023-இல் வெனிஸ் விழாவில் காட்டினார்கள், 2024-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. க்ளென் பவல் நடித்ததோடு திரைக்கதையிலும் பங்கு. ஒரு கல்லூரி ஆசிரியர், பூனை வளர்ப்பவர், யார் கண்ணிலும் படாதவர், பகுதி நேரமாகக் காவல்துறைக்குக் கூலிக் கொலைகாரன் வேடம் போடுகிறார், அவரிடம் கொலைக்குப் பேரம் பேச வருபவர்களைப் பிடிக்கிறார்கள். கேரி ஜான்சன் என்ற உண்மையான மனிதரைப் பற்றி 2001-இல் ஒரு பத்திரிகையில் வந்த கட்டுரைதான் மூலம். கணவனைக் கொல்லச் சொல்லி அட்ரியா அர்ஹோனா வருகிறார், இவர் வேடத்தில் இருந்தபடியே வேண்டாம் என்று அனுப்பிவைக்கிறார், அங்கே ஆரம்பிக்கிறது வினை. அவள் காதலிப்பது அந்தக் கொலைகாரனை, இந்த ஆசிரியரை அவளுக்குத் தெரியாது. காதலில் விழும் யாரும் கொஞ்சம் வேடம் போடத்தான் செய்கிறோம், நம்மைவிடத் துணிச்சலான ஒருவராக நடிக்கிறோம். இந்தப் படம் அந்த வேடத்தை அகற்றச் சொல்லவில்லை, அப்படியே வாழ்ந்து பார் என்கிறது, அதன் விலையையும் கேட்கிறது.

போலீஸ் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்க, அவர் கைபேசித் திரையில் எழுதிக் காட்டிக் காட்ட, இருவரும் ஒரு சண்டையை நடிக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. வாய் பேசுவது போலீசுக்கு, கண் பேசுவது ஒருவருக்கொருவர். மாட்டினால் சிறை, ஆனால் அந்த நிமிடத்தில்தான் இவர்கள் சரியான ஜோடி என்று நமக்கு உறுதியாகிறது. சிரிப்பு, பயம், ஆசை மூன்றும் ஒரே காட்சியில், வெட்டிப் பிரிக்க முடியாதபடி. இந்தக் காட்சிக்குச் சமமாக வேறொன்றைக் கடந்த சில வருடங்களில் நான் பார்க்கவில்லை. முடிவில் அறம் கொஞ்சம் வழுக்குகிறது என்று கோபப்படுபவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் படம் அதைத் தெரிந்தேதான் செய்கிறது.

இன்னொன்று 'பிளாக் பேக்', 2025, ஸ்டீவன் சோடர்பெர்க். உளவுத்துறையில் வேலை பார்க்கும் கணவன் மனைவி, மைக்கேல் ஃபாஸ்பெண்டரும் கேட் பிளான்செட்டும். துரோகி யார் என்று கண்டுபிடிக்கும் வேலை அவருக்கு வருகிறது, சந்தேகப் பட்டியலில் மனைவி பெயரும் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம்தான், துப்பாக்கியைவிடச் சாப்பாட்டு மேசைக்குத்தான் அதிக வேலை. உனக்காக நாட்டை விடுவேனா என்ற கேள்வியை இவ்வளவு குளிர்ச்சியாகக் கேட்டு இவ்வளவு சூடாகப் பதில் சொன்ன படம் வேறு இல்லை. கல்யாணமாகிப் பல வருடம் ஆன ஜோடியின் காதலைக் காட்டும் படங்கள் குறைவு, அதற்காகவும் இது எனக்கு நெருக்கம்.

யாராவது முடிவைச் சொல்லிவிட்டால் அப்புறம் பார்க்கத் தேவையில்லையா?

மேலே சொன்னவற்றில் 'கிஷ்கிந்தா காண்டம்' முடிவு தெரிந்தாலும் நிற்கும், 'ஜூரர் நம்பர் 2'-க்குப் பிரச்சினையே இல்லை. 'மகாராஜா'வும் 'கம்பேனியனும்' பாதி போய்விடும்.

இவற்றில் ஒன்றையும் பார்த்ததில்லை, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்ப்பதென்றால் 'குட் நைட்'. நண்பர்களோடு என்றால் 'பிரேமலு'. காதலியோடோ கணவரோடோ என்றால் 'ஹிட் மேன்'. 'லவ் டுடே' மட்டும் வேண்டாம், பார்த்து முடித்ததும் யாராவது ஒருவர் கைபேசியைக் கேட்பார். 'மகாராஜா'வைச் சின்னக் குழந்தைகள் இருக்கும்போது போடாதீர்கள், மனம் கலங்கியிருக்கும் நாளிலும் வேண்டாம். தனியாக, விளக்கணைத்து, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் பார்ப்பதற்கு 'கிஷ்கிந்தா காண்டம்', வசனம் எதையும் தவறவிடாமல்.